காசு நம்முடையது, மருந்தின் வலிமை யாருடையது?

ஊருக்குப் போய்த் திரும்பும் நம் வியாபாரிகளின் பெட்டியைத் திறந்தால் கைலிக்கும் கருவாட்டுக்கும் நடுவே மாத்திரை அட்டைகள் இருக்கும். சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் என் பெட்டியிலும் இருந்தன. சிங்கப்பூரில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காத ஆண்டிபயாட்டிக் மருந்து, ஊரில் சில கடைகளில் கேட்டவுடன் கிடைத்துவிடும். கடைப்பையன்களுக்குச் சளி என்றால் இரண்டு மாத்திரை கொடுப்பேன். நன்மை செய்வதாகவே எண்ணம்.

சென்ற வருஷம் என் மச்சான் ஆஸ்பத்திரியில் படுத்தார். மூத்திரத்தில் இருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. முதலில் ஏற்றிய மருந்துக்கு அது மசியவில்லை. மூன்றாம் நாள் வேறு ஊசி போட்ட பிறகே பிழைத்தார்.

டாக்டரிடம் காரணம் கேட்டேன். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இந்த மாத்திரை பயன்படாது. ஆனால் உடம்பில் குடியிருக்கும் வேறு கிருமிகளில் எளியவை செத்து, முரட்டுக் கிருமிகள் பெருகும். பிறருக்கும் தொற்றும் என்றார்.

செஃப்ட்ரியாக்ஸோன் மருந்துக்கு மசியாத கிருமி இரத்தத்தில் ஏறிய நோயாளிகளை வைத்து, சிங்கப்பூர் உட்பட 9 நாடுகளில் 2014 முதல் 2017 வரை ஒரு சோதனை நடந்தது. பிபரசிலின்-டாசோபாக்டம் பெற்ற 187 பேரில் 23 பேர் 30 நாளுக்குள் மாண்டனர். மெரோபெனம் பெற்ற 191 பேரில் 7 பேர். அப்படியானால் எல்லோருக்கும் மெரோபெனமே கொடுக்கலாமே என்பீர்கள். அதையும் தாராளமாகச் செலவழித்தால் அதற்கும் மசியாத கிருமி பெருகும். பிறகு எதைக் கொடுப்பது?

பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்றபோது ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காரன் ஒருவன் தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவு உண்கிறான். மருந்துக்குப் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, அவள் இறக்கிறாள். குற்றம் யாருடையது என்று கேட்டு, கணவனுடையதே என்றார்.

என் மாத்திரையால்தான் மச்சானுக்கு அப்படி ஆயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவில்லை என்று நானும் சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிய அரிசியைப் பாழாக்கினால் நட்டம் நமக்கு. மருந்தின் வலிமையோ கூட்டு வியாபாரத்தின் முதல் போன்றது. ஒரு பங்காளி அதை விரயம் செய்தால், முகம் தெரியாத இன்னொருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நட்டப்படுகிறான். பேரேட்டில் பெயர் ஏறாத கடன், கடன் இல்லை என்றாகிவிடுமா?

இப்போது என் பெட்டியில் மாத்திரை இல்லை. பையனுக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு அனுப்பி, செலவை நான் கட்டுகிறேன். மாத்திரையைவிடச் செலவு அதிகம்தான். ஆனால் அது என் காசு. பிறருடைய முதல் அல்ல.