உப்புப் பார்க்கும் கை

குழம்பு கொதித்து வரும்போது கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஆச்சி அப்படிப் பார்க்க மாட்டாள். சாமிக்குப் படைக்கும் முன் எச்சில் படக் கூடாது. மூடியைத் திறப்பாள், ஆவியை முகர்வாள், "உப்பு ரெண்டு கல்லு குறையுது" என்பாள். சரியாக இருக்கும். உப்புக்கு வாசனை கிடையாது என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. சொன்னது அவள் மூக்கா, உப்பள்ளிப் போட்ட கையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

தன் சமையலைப் பற்றி அவள் பேசியதெல்லாம் இரண்டே வாக்கியம். "இன்னைக்கு வந்திருக்கு." "இன்னைக்கு வரல." மழையைச் சொல்வதுபோலச் சொல்வாள். வைத்தது தான்தான் என்பது அதில் எங்கேயும் இருக்காது.

*

நம் பேச்சே அப்படித்தான். "எனக்குச் சமையல் வரும்" என்கிறோம். பாட்டு வரும், கணக்கு வராது. எங்கிருந்தோ வருகிற விருந்தாளி மாதிரி. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் உடனே மறுப்பதும் நாம்தான்: "ஏதோ வயித்துக்கு வச்சேன்." இது பணிவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அடுத்தவர் குறை சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது, அவ்வளவுதான். என் அம்மா இலை போடும்போதே ஆரம்பிப்பாள். "ரசம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, பார்த்து ஊத்திக்கிடுங்க." அப்பா வாயில் ஒரு பருக்கை போயிருக்காது.

*

முப்பத்தைந்து வருடம், நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டால் 25,550 முறை உலை வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனது, பிரசவம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரு 2,000 கழித்துவிடலாம். மீதியில் நன்றாக அமைந்தவை எத்தனை என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நல்ல சாப்பாடு தட்டோடு போய்விடுகிறது. கெட்டுப்போனது மட்டும் நாள், கிழமையோடு நிற்கிறது.

*

எனக்கு நிற்பது ஒரு சொதி.

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும்: உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய். வெந்த சிறுபருப்பு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது, பிறகு இரண்டாம் பால். தலைப்பால் கடைசியில். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான். தேங்காய்ப் பாலில் எண்ணெய்த் துளிகளைப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு மிஞ்சினால் அது இறுகி எண்ணெயைக் கைவிட்டுவிடும். புளிப்பும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் சொதி மட்டும் நான்தான் வைப்பேன் என்று நின்றேன். எனக்கு வருகிற ஒரே பண்டம் அது என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் 'தெரியும்'தான் கெடுத்தது. வாசலில் யாரோ கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, அடுப்பில் இருக்கும்போதே பழத்தைப் பிழிந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மேலே கண்ணாடி மாதிரி எண்ணெய், கீழே பொடிப் பொடியாய் வெள்ளை. அகப்பையால் கலக்கினேன். கலந்ததுபோல் காட்டிவிட்டு மறுபடி பிரிந்தது.

பந்தியில் எல்லாரும் சாப்பிட்டார்கள். சம்பந்தி அம்மா கைகழுவி வரும்போது என் தோளைத் தொட்டு, "சொதி நல்லாத்தான் இருந்துச்சு மதினி" என்றார்கள்.

*

அந்தத் 'தான்'. எத்தனையோ ராத்திரி அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

"நல்லாருக்கு" என்றால் சாப்பிட்டாயிற்று, வேறு பேச்சுப் பேசலாம். "நல்லாருக்கே!" என்றால் உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றால் யாரோ நன்றாயில்லை என்று சொல்லி, இவர் அதை மறுக்கிறார். அந்த யாரோ பெரும்பாலும் சமைத்தவளின் முகம்தான். "ஒண்ணும் மோசமில்ல" என்பதற்கு விளக்கம் வேண்டாம். உண்மையான பாராட்டில் 'நல்ல' என்ற சொல்லே வராது. "இன்னும் கொஞ்சம் விடு" என்று தட்டு நீளும்.

அதனால் நான் வாயைக் கேட்பதில்லை. பாத்திரத்தைப் பார்க்கிறேன். குழம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது, தட்டோரத்தில் ஒதுங்கியது கறிவேப்பிலை மட்டுமா, கத்தரிக்காயும் சேர்த்தா. என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லுகிற ஆள் இல்லை. ஆனால் மோர் எப்போது கேட்கிறார் என்று ஒன்று இருக்கிறது. மூன்றாவது கவளத்திலேயே மோர்ச் செம்பைத் தேடினால் அன்றைக்குக் குழம்பு தேறவில்லை.

*

மகன் போனில் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னான். 1999இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் என்ற இருவர் வெளியிட்டது. தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை மூன்றிலும் மாணவர்களுக்குப் பரீட்சை வைத்து, நீ எந்த இடத்தில் இருப்பாய் என்று அவர்களையே கேட்டிருக்கிறார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொண்டார்களாம். முதல் கால்வாசியில் இருந்தவர்கள் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துச் சொன்னார்களாம்.

"அப்ப நான் எதும்மா?" என்றான். அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரியும், நூடுல்ஸ் தெரியும், ஒரு பிரியாணி தெரியும். "எனக்குக் குக்கிங் நல்லா வரும்" என்று எங்கே போனாலும் சொல்லுகிறவன். நான் பதில் சொல்லவில்லை. நகைச்சுவைக்கு அவர்கள் அளவுகோலாக வைத்தது தொழில்முறை நகைச்சுவைக்காரர்கள் போட்ட மதிப்பெண்ணை. வீட்டுச் சமையலுக்கு யாரை வைப்பார்கள்? ஹோட்டல் மாஸ்டரையா? அவர் நூறு பேருக்கு ஒரு ருசி வைக்கிறவர். நான் நாலு பேருக்கு நாலு ருசி வைக்கிறவள். ஒருவருக்கு உப்புக் குறைய, ஒருவருக்குக் காரம் தூக்கலாக, ஒருவருக்கு முருங்கைக்காய் ஆகாது.

*

குறுந்தொகை 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம். அந்தப் பெண் கட்டித்தயிரை விரலால் பிசைந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே ஒரு புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் ருசித்துச் சாப்பிட, அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலி அதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள்.

தீர்ப்புச் சொன்னது கணவன், சேதி கொண்டுவந்தது செவிலி, கேட்டுக் குளிர்ந்தது தாய். அவள் சாப்பிட்டாளா என்பது பாட்டில் இல்லை. எத்தனையோ முறை படித்த பாட்டு. என் கல்யாணத்துக்குப் பிறகுதான் இது கண்ணில் பட்டது.

மீனாட்சி அம்மாள் 1951இல் தன் சமையல் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பேர் வைத்தார். உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் எழுதத் தொடங்கினார். அந்தப் பேரில் இருப்பது சாதாரணத் துணைவினைதான், செய்து பார், கேட்டுப் பார் என்பது மாதிரி. இருந்தாலும் எனக்கு அந்தப் 'பார்' கொஞ்சம் தனியாக நிற்கிறது. பரிமாறு என்று அவர் சொல்லவில்லை.

*

சமைத்தவளுக்குப் பசிக்காது என்பார்கள். மூக்கு செய்கிற வேலை அது. ஒரே வாசனையில் சில நிமிஷம் நின்றால் போதும், மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இரண்டு மணி நேரம் தாளிப்புப் புகையில் நின்றுவிட்டு, எல்லாருக்கும் போட்டு முடித்துக் கடைசியில் உட்காரும்போது, என் குழம்பு எனக்கு வெறும் உப்பும் புளிப்பும்தான். ருசியில் பெரும்பங்கு மூக்கு வழியாக வருவது. அதுதான் அடுப்படியிலேயே செலவாகிவிடுகிறதே.

*

நேற்றுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. கத்தரிக்காய் சரியாக வதங்கவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் எப்போது கேட்டார் என்று கவனிக்க மறந்துவிட்டேன். மிஞ்சியதைக் கல்சட்டியில் ராத்திரியே சுண்ட வைத்திருந்தேன்.

காலையில் இவர் நடக்கப் போயிருந்தார். அடுப்புப் பற்ற வைக்கவில்லை, வீட்டில் ஒரு வாசனையும் இல்லை. பழைய சோற்றைப் பிழிந்து போட்டு மோர் விட்டு, கல்சட்டியைத் திறந்தேன். குழம்பு கருத்து, ஓரத்தில் நல்லெண்ணெய் கக்கி நின்றது. வெந்தயம் முதலில் வந்தது, பிறகு புளி, அதற்கும் பிறகு ஏதோ ஒரு இனிப்பு. கத்தரிக்காய் நாக்கில் பட்டதும் கரைந்தது. யார் வீட்டிலோ சாப்பிடுவதுபோல் இருந்தது.

உப்பு மட்டும் ரெண்டு கல்லு கூட. சுண்டினால் கூடத்தானே செய்யும்.

நின்றபடியே இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டேன்.