பின்னிருக்கை

பிக்கப்பை விற்றுவிட்டு எஸ்.யூ.வி. வாங்கினேன். திராட்சைப் பெட்டிகளை இப்போது வியாபாரியின் வண்டியே வந்து ஏற்றிக்கொள்கிறது.

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் வரும் சாலையில், பொழுதுசாய, களையெடுத்துத் திரும்பும் பெண்கள் கைகாட்டுவார்கள். பிக்கப்பை நிறுத்துவேன், பின்னால் ஏறிக்கொள்வார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். தெரிந்தேதான் செய்தேன், என்னை இரக்கமுள்ளவனாக எண்ணிக்கொண்டதும் அதனால்தான். புது வண்டியில் ஏழு பேர் உட்காரச் சட்டம் அனுமதிக்கிறது. நான் நிறுத்துவதில்லை. அவர்களும் கைகாட்டுவதில்லை.

வண்டி மனிதனை மாற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். சௌகரியமான பொய். பிக்கப்பில் எனக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு தகரச் சுவர் இருந்தது. மழை வந்தால் நனைந்தவர்கள் அவர்கள். சுவருக்கு அந்தப்புறம் காட்டிய தயவில் எனக்குச் செலவேதும் இல்லை. பின்னிருக்கை என்றால் சேறும் வியர்வையும் பேச்சும் உள்ளே வரும். சமமாக உட்கார வேண்டிவரும்.

விடியலில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்புகளில் நெரிசல் உண்டு, ஆபத்தும் உண்டு. ஆனால் அங்கே உறவு கூலிக்கணக்கில் வெளிப்படையாக இருக்கிறது. கணக்கில் வராத என் தயவுதான் சந்தேகத்துக்குரியது. புது வண்டி என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, இல்லாததைக் காட்டிற்று.

நேற்று நிறுத்தி, கதவைத் திறந்தேன்.

"இருக்கட்டும்யா, காலெல்லாம் சகதி" என்றாள் மூத்தவள்.

எனக்கு ஆசுவாசமாக இருந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.