இசைத்தட்டில் ஒரு மீமாம்சை

காவிரியின் கீழ்க்கரையில், பவானிக் கூடுதுறைக்கு நேர் எதிரே அமைந்த குமாரபாளையத்தில் நிசப்தம் என்பது ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே வாய்க்கின்ற ஒரு பாக்கியம். தெருவுக்குத் தெரு விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க, சாதாரண க்ஷேம விசாரிப்பைக்கூட உரத்த குரலில் செய்யப் பழகிவிட்ட அவ்வூரில், ஓர் இசைத்தட்டை அதற்குரிய கவனத்தோடு கேட்க விரும்புகிறவர்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறிகள் நிறுத்தப்படும் நாட்களை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அப்படிப்பட்டதொரு பொங்கல் விடுமுறையில், அறுபதைக் கடந்த ரசிகர் சிலர், 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான ‘ப்ரியா’ படத்தின் பாடல் தட்டைச் சுற்றி அமர்ந்து, ஒரு முற்பகல் முழுவதும் தர்க்கித்துக் கொண்டிருந்ததை அருகிருந்து கேட்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. தறிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று கருதி உட்கார்ந்தவன், சிறிது நேரத்திற்குள், நமது சாஸ்திரகாரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்துத் தீராத ஒரு வழக்கின் நடுவே இருப்பதை உணர்ந்தேன்.

அந்தத் தட்டின் பெருமை ரசிகர் உலகம் அறிந்ததுதான். சுஜாதாவின் நாவலைத் தழுவி எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அப்படத்திற்கு, ‘அன்னக்கிளி’ வெளிவந்து மூன்றாண்டுகள்கூட நிரம்பாத காலத்தில் இளையராஜா அமைத்த பாடல்கள், தமிழ்த் திரையிசையில் முதன்முதலாக ஸ்டீரியோ முறையில் பதிவானவை என்று கொண்டாடப்படுகின்றன. வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்க, யேசுதாஸின் குரல் அவற்றின் நடுவே எழும்படி அமைந்த அந்தப் பதிவை, அந்நாளைய இளைஞர்கள், மேல்நாட்டார் தங்கள் ராக் தட்டுகளைப் போற்றியதுபோலவே போற்றினர். இன்று அவர்களுக்குள் எழுந்திருக்கும் பிணக்கு இதுதான்: முள் தொட்டு ஓடும் பழைய தட்டில் ஒலிப்பதே பாட்டு என்கிறார் ஒருவர், கீறலும் இரைச்சலும் களைந்து கணினியால் துலக்கப்பட்ட இன்றைய பதிவே பாட்டின் மெய்யான வடிவம் என்கிறார் மற்றொருவர், இரண்டுமல்ல, தறிப்பட்டறையின் மாடத்தில் இருந்த ரேடியோவில் இலங்கை வானொலி வழியாக, அலை ஏறியும் இறங்கியும் கேட்டதே பாட்டு என்கிறார் மூன்றாமவர்.

இவர்களுள் மூன்றாமவரைப் பார்த்து மற்ற இருவரும் நகைத்தார்கள். எனக்கோ நகைக்கத் தோன்றவில்லை. ஏனெனில் வரலாறு அவர் பக்கமே இருக்கிறது. ஸ்டீரியோவாகப் பிறந்த அந்தப் பாடல்கள், மத்திய அலை வானொலியிலும், ஒற்றை ஒலித்தடமே கொண்ட சினிமாக் கொட்டகையிலும், மாரியம்மன் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலுமாக, இடவலம் என்ற பேதமே இல்லாத ஒற்றை ஒலியாகத்தான் ஊராரை வந்தடைந்தன. இரண்டு ஒலிபெருக்கிகளைப் பிரித்து வைத்துக் கேட்கும் வசதி அன்று எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்? எந்தச் சிறப்பினால் அந்தத் தட்டு புகழ்பெற்றதோ, அந்தச் சிறப்பைக் கேளாமலே மக்கள் அதை நேசித்தார்கள். ஆகவே, பாட்டு என்பது அந்தச் சிறப்பில் அடங்கியதாக இருக்க முடியாது என்று வாதிப்பதற்கு அவருக்கு நியாயம் உண்டு.

மீமாம்சகர்கள் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். சப்தம் நித்தியம் என்ற தங்கள் சித்தாந்தத்திற்கு அவர்கள் காட்டிய பிரமாணங்களுள் முதன்மையானது பிரத்யபிக்ஞை, அதாவது ‘இது அதுவே’ என்று எழும் அறிவு. இரண்டு பேர் ககரத்தை உச்சரிக்கக் கேட்டவன், இரண்டு ககரங்கள் பிறந்தன என்று சொல்வதில்லை. ஒரே ககரம் இருமுறை சொல்லப்பட்டது என்றே சொல்கிறான். அவ்வாறே தட்டிலும் வானொலியிலும் கைப்பேசியிலும் கேட்டவன், மூன்று பாட்டுகளைக் கேட்டதாகச் சொல்லாமல், ஒரு பாட்டை மும்முறை கேட்டதாகவே சொல்கிறான். தொண்டையின் முயற்சியோ முள்ளின் அதிர்வோ பாட்டை உண்டாக்குவதில்லை. முன்னமே இருப்பதை வெளிப்படுத்துவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் கொள்கையின்படி, எந்தப் பதிவு மெய்யானது என்ற கேள்வியே பிழையாகிவிடும். விளக்குகளில் எது அறையிலுள்ள பொருள் என்று கேட்பதற்கு அது ஒப்பானது.

ஆனால் எதிர்த்தரப்பு எளிதில் ஓய்கிறதா? சப்தம் அநித்தியம், ஏனெனில் அது செய்யப்படுவது, குடத்தைப் போல என்னும் அநுமானத்தைத் தமிழர்கள் வடமொழி நூல்களில் தேடிப்போக வேண்டியதில்லை. ‘மணிமேகலை’யின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கநெறியை உபதேசிக்கும் இடத்திலேயே அது உதாரணமாக எடுத்தாளப்படுகிறது. ‘இது அதுவே’ என்ற அறிவை நம்பலாகாது என்பதற்குப் பௌத்தர்கள் காட்டும் சான்றும் அழகானது: வெட்டிய நகம் மீண்டும் வளர்ந்தபோது அதை அதே நகம் என்கிறோம், கணந்தோறும் மாறும் தீபச்சுடரை அதே சுடர் என்கிறோம், ஒப்புமை கண்டு மயங்கி ஒருமை என்று பேசுகிறோம். வேதத்தைப் பற்றி எது உண்மையாயினும், ஒரு சினிமாப் பாட்டு குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு கூடத்தில், சில மனிதர்களால் செய்யப்பட்டது என்பதை எந்த மீமாம்சகரும் மறுக்க முடியாது. செய்யப்பட்டதொன்று எப்படி நித்தியமாகும்?

இலக்கணகாரரான பர்த்ருஹரி ‘வாக்யபதீய’த்தில் ஒரு நடுவழி காட்டுகிறார். சொல்லை வெளிப்படுத்தும் ஒலி ஒன்று. விரைவு, மந்தம் முதலிய மாறுபாடுகளைத் தரும் ஒலி வேறொன்று. பின்னதன் பேதங்கள் சொல்லின் ஸ்வரூபத்தைத் தீண்டுவதில்லை என்பது அவர் மதம். சொல்லைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளலாம். மெதுவாகச் சொன்னாலும் விரைந்து சொன்னாலும் பசு பசுதான். இசைக்கோ காலப்பிரமாணமே உயிர். நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டை 45இல் ஓட விட்டால், யேசுதாஸின் கம்பீரமான குரல் சிறுபிள்ளையின் குரலாகிவிடும். பாட்டு இன்னதென்று அடையாளம் தெரியும், ஆனால் பாட்டு அங்கே இருக்காது. இலக்கணத்திற்கு உபாதியாகத் தள்ளுபடியாகிற ஒன்று சங்கீதத்தில் ஸ்வரூபமாகவே ஆகிவிடுவதால், தட்டு முக்கியம், முள் முக்கியம், சுழற்சி முக்கியம் என்று மல்லுக்கு நின்ற முதலாமவரையும் நாம் பித்தர் என்று ஒதுக்கிவிட முடியாது.

மேல்நாட்டிலும் இதே வழக்கு இன்னும் விசித்திரமான வடிவில் நடந்திருக்கிறது. பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்ற பெருமை உடையது. அதன் வரிகளை எழுதிய ராஜர் வாட்டர்ஸ், ஐம்பதாண்டு நிறைந்த 2023இல், அந்தத் தொகுப்பு முழுவதையும் முதுமைக்குரிய தாழ்ந்த குரலில், கிதாரின் தனி ஆலாபனைகளை நீக்கி, பேச்சு மிகுந்ததாகப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது, ரசிகருள் பலர், இது அதுவல்ல என்று கர்த்தாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வேதம் அபௌருஷேயம், அதற்குக் கர்த்தாவே இல்லை, ஆகையால் அதில் ஓர் அக்ஷரத்தையும் மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை என்று ஜைமினியின் வழிவந்த மீமாம்சகர்கள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? கர்த்தா கண்ணெதிரே உயிரோடிருக்கும்போதே அவன் கிருதியை அபௌருஷேயமாக்கிவிடும் இந்த பக்தி, ஒருவகையில் நாஸ்திகமும் ஆகும். ஆனால் அதில் ஓர் உண்மையும் கலந்திருக்கிறது: வெளிவந்துவிட்ட பாட்டுக்கு, செய்தவனும் கேட்போருள் ஒருவனாகவே நிற்கிறான்.

இனி, துலக்குவது பற்றி. அக்காலத்து ஒலிநாடாக்களில் ஒரு வகையில், காந்தத்துகளைப் பற்றியிருக்கும் பசை ஆண்டுகள் செல்லச்செல்ல ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அந்த நிலையில் ஓட விட்டால் பாட்டோடு நாடாவும் உரிந்துவரும். ஆகவே அதை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தி, பசை மீண்டும் கெடுமுன் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கிரியையை விவரிக்கக் கேட்டபோது, எதிர்க்கரையிலுள்ள சங்கமேஸ்வரர் ஆலயத்தின் கோபுரம் சன்னல் வழியே தெரிந்ததனாலோ என்னவோ, ஆகமங்கள் விதிக்கும் ஜீர்ணோத்தாரணமே என் நினைவுக்கு வந்தது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியம் கும்பத்தில் ஆவாகனம் செய்யப்பட்டுப் பாலாலயத்தில் வைக்கப்படுகிறது. பணி முடிந்தபின் மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்க்கப்படுகிறது. இடைக்காலத்தில் பாலாலயத்தை வணங்குகிறவன் குறைந்த தெய்வத்தை வணங்குவதாக எவரும் சொல்வதில்லை. சாந்நித்தியம் கல்லில் பிறந்ததன்று, ஆனால் கல்லோ கும்பமோ இன்றி நமக்குக் கிட்டுவதுமன்று. செய்யப்பட்டதாயினும் ஒரு தட்டோடு அழியாமல், ஆதாரம் மாறி மாறித் தங்கும் இந்த நிலையே பாட்டுக்கும் உரியது என்று தோன்றுகிறது. மீமாம்சகரின் நித்தியமும் பௌத்தரின் க்ஷணிகமும் இதற்குப் பொருந்தவில்லை.

ஆவாகனம் செய்வதற்கு ஆசாரியன் வேண்டும். பாட்டைப் பொறுத்தவரை அந்த ஸ்தானம் கேட்பவனுக்கு உரியது. அவனுடைய தகுதி என்ன? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாஸ்திரத்திற்கு எழுதிய உரையில், ரஸாநுபவத்திற்கு ஏழு விக்கினங்களை எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் அறியும் கருவியின் குறைபாடும் தெளிவின்மையும் உண்டு. இவற்றை இரைச்சல் களைந்த புதுப்பதிவு நீக்கித்தரும் என்று இரண்டாமவர் சந்தோஷப்படலாம். ஆனால் அதே வரிசையில், தன் சொந்த சுகதுக்கங்களின் வசப்பட்டுக் கிடத்தலும் ஒரு விக்கினமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய முற்பகலில் தட்டு சுழன்ற நேரத்தைக் காட்டிலும், அந்தப் பாட்டு வந்த வருஷத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, எந்தப் பட்டறையில் முதல் தறி போட்டது, யார் யார் இப்போது இல்லை என்ற பேச்சே மிகுதியாக நடந்தது, கண்களும் கலங்கின. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆயினும் அது பாட்டினால் வந்ததென்று சொல்லத் தயங்குகிறேன். அவர்கள் கேட்டது தங்கள் இளமையை. பாட்டு அதற்கு ஒரு நிமித்தம்.

வாசனையே இல்லாதவனுக்கு ரஸம் இல்லை என்பதும் அபிநவகுப்தரின் மதந்தானே என்று ஆட்சேபிக்கலாம். உண்மை. ஆனால் அவர் கருதும் வாசனை, பிரிவு என்றால் இன்னது, காதல் என்றால் இன்னது என்று மனிதர் அனைவருக்கும் பொதுவாய்ப் படிந்து கிடக்கும் ஸம்ஸ்காரம். 1978இல் குறித்த ஒரு தெருவில் குறித்த ஒருவருக்கு நேர்ந்த நிகழ்ச்சி அன்று. முன்னது பாட்டினுள் நம்மைக் கரைக்கிறது. பின்னது பாட்டை நமக்குள் கரைத்துவிடுகிறது. ஆகையால், அந்தக் கூட்டத்தில் எவரும் அதிகம் மதிக்காத நான்காமவர் ஒருவர், நண்பர்கள் நெகிழ்ந்துபோயிருந்த சமயத்தில் எல்லாம், “கொஞ்சம் பேச்ச நிறுத்துங்கப்பா, இந்த எடத்துல பேஸ் கிதார் எந்தப் பக்கத்துல வருதுன்னு கேளுங்க” என்று முள்ளைத் தூக்கித் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாரே, ரஸிகத்தன்மையற்ற நுணுக்கப் பித்தர் என்று மற்றவர்களால் அதட்டப்பட்ட அவரே, அபிநவகுப்தரின் கணக்கில் சஹிருதயனுக்கு, அதாவது ஒத்த நெஞ்சுடைய ரசிகனுக்கு, மிக அணுக்கமாக நின்றவர் என்பது என் துணிபு.