எல்லோர் கண்ணுக்கும் எட்டட்டும்

வலைத்தள வடிவமைப்பைத் தொழிலாக்க நினைக்கிறீர்களா? நம் மதுரையிலேயே அதற்கொரு பாடம் உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கையில் காசில்லாதவருக்கும் பார்வை கிடைக்க வேண்டும் என்பதே அவர் உறுதி.

நீங்கள் அமைக்கும் பக்கமும் எல்லோருக்கும் எட்ட வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு தேவை என்கிறது உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டுதல். மவுஸ் பிடிக்க முடியாதவருக்குக் கீபோர்டே போதுமானதாக இருக்க வேண்டும். உசிலம்பட்டியில் புரை விழுந்த கண்ணோடு ஒரு பாட்டி செல்போனில் ஓய்வூதிய விவரம் தேடக்கூடும். மென்பொருள்கள் ஆண்டுதோறும் மாறும். ‘அந்தப் பாட்டியால் படிக்க முடிகிறதா?’ என்ற கேள்வி மாறாது. அதை முதலில் கேட்பவரே இத்தொழிலில் நிலைப்பார்.