சாவி நம் கையில், சொத்து அவர் பேரில்



கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்தை வியாபாரிகளாகிய நாம் நன்கு அறிவோம். அதே ஆயத்தில் நாம் கவனியாது விடும் ஒரு விஷயமும் உண்டு. கடன்பட்டவர் புத்தி குறைந்தவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய வலீ அவருக்காக நீதியோடு சொல்ல வேண்டும் என்பதே அது.

எங்கள் வாப்பாவுக்கு மறதி நோய் முற்றியபோதுதான் இதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று. மருந்துச் செலவுக்குப் பணம் பாங்கில் இருந்தது, எடுக்க வழியில்லை. அவர் கையைப் பிடித்துச் செக்கில் கையெழுத்துப் போட வைக்கலாமென்று ஷைத்தான் எங்கள் காதில் ஓதினான். பிள்ளைகள்தானே என்று நினைத்தோம். பள்ளிவாசலில் ஆலிம் சாகிபு ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வாப்பா ஹயாத்தோடு இருக்கையில் அது யார் சொத்து?" தலை குனிந்தோம். வாரிசுப் பங்கு மௌத்துக்குப் பின்புதானே!

சிங்கப்பூரில் 2010-ல் அமலுக்கு வந்த மனத்திறன் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. 21 வயது நிரம்பியவர், புத்தி தெளிவாக உள்ளபோதே, தாம் நம்பும் ஒருவரை நியமித்து நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதலாம். அங்கீகாரம் பெற்ற டாக்டரோ வக்கீலோ சான்றளித்த பின், பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எழுதாது விட்டால் குடும்பத்தார் கோர்ட்டில் மனுப் போட்டு நியமனம் பெற வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது அதுவே. கோர்ட் நியமித்தவர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும். அவர் முதலாளி அல்லர். கல்லாவில் உட்கார்ந்த கணக்கப்பிள்ளை.

இன்னொன்று. ஒருவர் தவறான முடிவு செய்தார் என்பதால் மட்டும் அவரைத் திறனற்றவர் என்று சட்டம் சொல்லாது. தாமே முடிவு செய்ய அவருக்கு முதலில் உதவ வேண்டும். வாப்பாவுக்குப் பாங்குக் கணக்குப் புரியவில்லை. ஆனால் எந்தக் கைலி உடுப்பது, ஜும்ஆவுக்குப் போவதா என்பதை அவரே சொன்னார். நாங்கள்தான் கேட்க மறந்திருந்தோம். சூரத்துன் நிஸாவின் 5-ஆம் ஆயத்து இத்தகையோருக்கு உணவும் உடையும் மட்டுமா கொடுக்கச் சொல்கிறது? நல்ல வார்த்தையும் சொல்லப் பணிக்கிறதே!

ஆகவே, சகோதரர்களே! ஸகாத் கணக்குப் பார்க்க உட்காரும் நாளிலேயே இந்தப் பத்திரத்தையும் எழுதி முடியுங்கள். நாளை நம் புத்தி தடுமாறினால், நம் பிள்ளைகள் பாவத்தில் விழாதிருக்க அது அரணாகும்.

அமானத்தைப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹுத்தஆலா நம் யாவருக்கும் அருள்வானாக! ஆமீன்.