அறிந்தவனுடைய கடமை



யந்திரம் பழுதாவது பாவமா? அல்ல. இரும்புக்கு ஆத்துமம் இல்லை. தேய்வது அதன் சுபாவம். ஆனால் அது தேய்கிறதென்று அறிந்தும் வாளாவிருப்பவன் குற்றமற்றவனா? பிழைப்புக்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் செஞ்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

சாய யந்திரம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். பம்பின் அடியில் நீர் சொட்டும். பேரிங்கில் கரகரப்புக் கேட்கும். அரைமணியில் ஏறிய சூடு முக்கால் மணி பிடிக்கும். உள்ளே குழாயில் உப்புப் படிந்திருக்கலாம். ஒரே சாயத்தை ஒரே அளவில் போட்டும், ஈட்டுக்கு ஈடு துணியின் நிறம் மாறும். மூடியின் ஓரத்தில் ஆவி கசியும். இவற்றுள் கடைசி அடையாளமே மிகவும் பயங்கரம். பாலியஸ்டர் துணிக்குச் சாயமேற்ற ஏறக்குறைய 130 டிகிரி சூடு வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்துவிடும். ஆகையால் இறுக மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடுதான் அந்தச் சூட்டை எட்ட முடியும். மூடி இடந்தவறினால், உள்ளிருக்கும் நீர் கணத்தில் ஆவியாய்ச் சீறி, எதிரில் நிற்பவனை வேகவைத்துவிடும்.

"ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்" என்பார் முதலாளி. "நமக்கேன் வம்பு? சொன்னால் வேலை போகும்" என்பான் தொழிலாளி. இருவர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. யந்திரம் நின்றால் கூலியும் நிற்குமே.

யாத்திராகமம் 21-ம் அதிகாரம் முட்டுகிற மாட்டைப் பற்றிப் பேசுகிறது. மாடு திடீரென்று ஒருவனை முட்டிக் கொன்றால் சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. முன்னமே முட்டுகிற மாடென்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதிருந்தால், இரத்தப்பழி அவன்மேலும் வரும். மாடும் ஒன்றே, சாவும் ஒன்றே. வித்தியாசம் அறிவில் இருக்கிறது. அர்ச். தோமாஸ் அக்குயினாஸும் அசட்டையை விவேகம் என்ற புண்ணியத்துக்கு விரோதமான பாவமென்று போதிக்கிறார்.

ஆகவே பகுத்துப் பாருங்கள். நிறம் மாறுவது பணநஷ்டம். அதற்குத் தவணை சொல்லலாம். ஆவி கசிவது உயிர்ச்சேதம்; அதற்கு ஒரு ஷிப்டுகூடத் தவணை இல்லை. நிறுத்த அதிகாரமுள்ளவனுக்குப் பொறுப்பு அதிகம். அதிகாரமில்லாதவனுக்கோ, வாய்திறந்து சொல்லும் கடமை உண்டு. சொன்னவனை வேலையைவிட்டுத் துரத்துகிறவன் இரட்டைக் குற்றவாளி. ஒருவனை மட்டுமல்ல, இனிமேல் சொல்லக்கூடிய அத்தனை பேரையும் ஊமையாக்குகிறான்.

நொய்யலாறும் நிறம் மாறி வெகுகாலம் எச்சரித்தது. போதிய செவிசாய்ப்பு இல்லை. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அசட்டை செய்தவர்களோடு அன்றாடங் கூலிக்காரரும் பட்டினி கிடக்க நேர்ந்தது.

நம் கோட்டை மதிலில் முளைக்கும் ஆலங்கன்றை இன்று இரண்டு விரலால் பிடுங்கலாம். வேர் ஓடினபின் கல்லைப் பெயர்க்காமல் பிடுங்க முடியாது.

திருப்பூரிலுள்ள மகனோடு பேசும்போது, சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். "யந்திரம் எப்படியிருக்கிறது? குறை கண்டால் சொல்கிறாயா?" என்றும் கேளுங்கள். இரவில் ஆத்துமசோதனை செய்கையில், செய்த பாவங்களோடு, கண்டும் சொல்லாமல் விட்டவற்றையும் எண்ணிப் பாருங்கள். எச்சரிக்கையைக் கேட்கும் செவியையும், அதை எடுத்துச் சொல்லும் நாவையும் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.