நிறைவேறிய ஆசைக்குப் பின்

மனிதன் இளமையில் விரும்பும் பொருள்களுள் சில உடனே கிடைத்துவிடுகின்றன. சில கிடைக்காமலே மறந்துபோகின்றன. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கிடைக்காமலும் மறக்காமலும் நாற்பது ஆண்டுக் காலம் உள்ளத்தின் ஓரத்தில் காத்துக் கிடக்கும் ஆசை அது. கடமைகள் ஒவ்வொன்றாக முடிந்து, கையில் சிறிது பணமும் ஓய்வும் சேரும் அறுபதாம் வயதில் அது மெல்லத் தலைதூக்குகிறது. ‘இப்போதாவது என் முறை வந்ததா?’ என்று கேட்கிறது. அதற்கு என்ன விடை கூறுவது என்பது முதுமையின் வாயிலில் நிற்கும் பலருக்கும் உரிய ஆன்மிகக் கேள்வியாகும்.

எடுத்துக்காட்டாக, டேராடூனில் வாழும் ஓர் அன்பரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பள்ளிப் பருவத்தில் அவர் ஜிம் கார்பெட்டின் நூலைப் படித்தார். 1944-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, தமிழில் தி. ஜ. ர. மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ என்று வழங்கும் அதே நூல்தான். 436 மனித உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியைக் கார்பெட் 1907-இல் சம்பாவத் பகுதியில் வீழ்த்தினார். அதற்காக அன்றைய ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்கு ஒரு ‘.275 ரிக்பி’ ரைபிளைப் பரிசளித்தார். லண்டனில் செய்யப்பட்ட அந்தத் துப்பாக்கியின் மரப்பிடியில் பதித்த வெள்ளித் தகடு இச்செய்தியைச் சொல்லும். அத்தகைய ரிக்பி ஒன்று தன் கையிலும் ஒருநாள் இருக்க வேண்டும் என்று அந்தச் சிறுவனின் நெஞ்சில் ஓர் ஆசை விழுந்தது.

சிறுவன் வளர்ந்து அரசுப் பணியில் சேர்ந்தார். தங்கையின் திருமணம், தாயின் மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் ஓடின. ஆசையைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. அறுபத்து மூன்றாம் வயதில், தெரிந்த குடும்பம் ஒன்று பாட்டனார் காலத்து ரிக்பி ரைபிளை விற்க விரும்புவதாக அறிந்தார். உரிமத்துக்கு விண்ணப்பித்தார். காவல் துறை விசாரணை முடிந்து அனுமதி வரும் வரை பல மாதங்கள் பொறுத்திருந்தார். முறைப்படி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. அத்தனை மகிழ்ச்சி.

ஆசை பாவமா?

இந்நிகழ்ச்சியைக் கேட்கும் ஆன்மிக அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொலைக் கருவியின் மேல் முதியவருக்கு ஏன் ஆசை என்பர். நம் சான்றோர் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறுவதில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் இன்பத்துக்கும் இடமளித்தது நம் மரபு. ஆனால் அறத்தை முதலில் வைத்தது. விருப்பம் அறத்தின் எல்லைக்குள் நிற்கிறதா என்பதே முதற்கேள்வி.

அந்த அன்பர் பிறர் பொருளைப் பறிக்கவில்லை. கடமை எதையும் தவிர்க்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை மீறவில்லை. பேரக் குழந்தைகள் வந்து போகும் வீடு என்பதால், துப்பாக்கியைத் தனியாகவும் தோட்டாக்களைத் தனியாகவும் பூட்டி வைத்தார். வேட்டையாடும் எண்ணமும் அவருக்கு இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்நாட்டில் வேட்டைக்கு இடமில்லை என்பதை அவர் நன்கறிவார். எனவே இந்த ஆசையில் குற்றம் காண்பதற்கில்லை.

அவ்வாறாயின் வேறொரு கேள்வி எழுகிறது. வேட்டையாட இயலாத நாட்டில், வேட்டையாட விரும்பாத ஒருவர், வேட்டைத் துப்பாக்கியைப் பெற்று அடைந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது?

மகிழ்ச்சியின் இருப்பிடம்

மகிழ்ச்சி பொருளில் இருப்பதாக மனம் கருதுகிறது. வேதாந்தம் இதை மறுக்கிறது. இரும்பும் மரமும் கலந்த கருவியில் ஆனந்தம் என்ற பகுதி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதை விற்ற குடும்பம் விற்றிருக்காது. ஆசை உள்ளவரை மனம் அலைகிறது. விரும்பியது கிடைத்த கணத்தில் அலைச்சல் நின்று மனம் அமைதியுறுகிறது. கலங்கிய குளம் தெளிந்ததும் அடியில் கிடந்த பொற்காசு தெரிவதுபோல, அமைதியுற்ற மனத்தில் ஆன்மாவின் இயல்பான ஆனந்தம் சிறிது நேரம் ஒளிர்கிறது. காசு குளத்திலேயே கிடந்தது. கரையில் வந்து நின்றவரைப் பார்த்து, ‘இவர்தான் காசு கொண்டுவந்தார்’ என்று சொல்வதுபோல, மனிதன் அந்த ஆனந்தத்தைப் பொருள்மேல் ஏற்றிக் கூறுகிறான்.

அதனால்தான் அந்த மகிழ்ச்சி நிலைப்பதில்லை. சில வாரங்கள் சென்றன. மழைக்காலத்து ஈரத்தால் குழலில் துரு ஏறுமோ என்ற கவலை வந்தது. வெளியூர் செல்லும்போது வீட்டைப் பற்றிய அச்சம் வந்தது. பிறகு, ரிக்பி நிறுவனத்தின் பெயர்பெற்ற ‘.416’ ரைபிளும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் எட்டிப் பார்த்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. மனம் தனக்கென்று அப்படி ஓர் எல்லையை வகுத்துக்கொள்வதில்லை.

மகாபாரதம் கூறும் யயாதியின் கதை இங்கு நினைவுகூரத் தக்கது. சுக்கிராசாரியாரின் சாபத்தால் அகால முதுமை அடைந்த யயாதி, இளைய மகன் பூருவிடம் இளமையைக் கடனாகப் பெற்றான். ஆயிரம் ஆண்டுகள் இன்பம் துய்த்தான். முடிவில் அவன் உணர்ந்த உண்மை ஒன்றே. நெய்யை வார்ப்பதால் வேள்வித் தீ தணியாததுபோல, துய்ப்பதால் ஆசை தணிவதில்லை. அதை உணர்ந்தவன் மகனுக்கு இளமையைத் திருப்பித் தந்துவிட்டுக் காட்டுக்குச் சென்றான்.

டேராடூன் அன்பர் விலைகொடுத்து வாங்க முயன்றதும் ஒரு வகையில் இளமையைத்தான். துப்பாக்கியைத் துடைக்கும்போதெல்லாம் அவர் காண்பது, போர்வைக்குள் புத்தகம் படித்த பன்னிரண்டு வயதுச் சிறுவனை. யயாதிக்காவது இளமையைக் கடன் தர ஒரு மகன் இருந்தான். கடைத்தெருவில் அது கிடைப்பதில்லை.

காட்டுக்குள் நுழையும் இரு வழிகள்

வாழ்வின் மூன்றாம் பருவத்துக்கு நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்று பெயரிட்டனர். காடு நோக்கிச் செல்லுதல் என்பது அதன் பொருள். வேடனும் காட்டுக்குள் செல்கிறான், வானப்பிரஸ்தனும் செல்கிறான். வேடன் எதையேனும் கொண்டுவருவதற்காகச் செல்கிறான். வானப்பிரஸ்தன் தன்னிடம் உள்ளதை விட்டுவிடச் செல்கிறான். அறுபது வயதில் வேட்டைத் துப்பாக்கியுடன் நிற்பவர் இவ்விரு வழிகளும் பிரியும் இடத்தில் நிற்கிறார்.

டேராடூன் மாவட்டத்தில், யமுனைக் கரையில் காலசி என்ற ஊர் உள்ளது. அங்குள்ள பெரும்பாறையில் அசோகரின் பதினான்கு கட்டளைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எட்டாவது கட்டளை வேட்டையைப் பற்றிப் பேசுகிறது. முற்காலத்து மன்னர்கள் இன்பச் சுற்றுலா சென்றனர், அவற்றில் வேட்டையும் கேளிக்கையும் இருந்தன என்று அது தொடங்குகிறது. முடிசூடிப் பத்து ஆண்டுகள் ஆனபின் அசோகர் போதிமரம் உள்ள தலத்துக்குச் சென்றார். அன்றுமுதல் தர்ம யாத்திரை தொடங்கிற்று. துறவியரையும் அந்தணரையும் கண்டு கொடை வழங்குதல், முதியோரைக் கண்டு உதவுதல், நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் உரைத்தல் ஆகியவை அதன் அங்கங்கள் என்று அக்கட்டளை கூறுகிறது. அசோகர் யாத்திரையை நிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் நோக்கத்தை மாற்றினார்.

கார்பெட்டின் வாழ்விலும் இத்தகைய மாற்றம் உண்டு. ஆட்கொல்லி விலங்குகளிடமிருந்து மலைவாழ் மக்களைக் காத்த அவர், 1930-களில் அசையும் படமெடுக்கும் கருவியுடன் காட்டில் காத்திருந்து புலிகளைப் படம்பிடித்தார். புலி அழிந்தால் இந்நாடு வறியதாகும் என்று எச்சரித்தார். 1936-இல் அமைந்த தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். அவருடைய .275 ரைபிள் 2016-இல் லண்டனிலிருந்து குமாயுன் மண்ணுக்கு விருந்தினர்போல வந்து சென்றது. ஒரு காலத்தில் புலியை வீழ்த்திய அந்தக் கருவி அன்று எதையும் சுடவில்லை. மக்கள் கண்டு மகிழ்ந்தனர்.

உடைமையா, பொறுப்பா?

ஆசையைப் பலவந்தமாக அடக்குவதும் வழியன்று, அதற்கு மேலும் மேலும் தீனி போடுவதும் வழியன்று. அதன் திசையை மாற்றுவதே சாதனை. அதற்கான நெறியை ஈசாவாஸ்ய உபநிடதம் தொடக்கத்திலேயே காட்டுகிறது. அனைத்தும் இறைவனுக்கு உரியவை. ஆதலால் பற்றை விட்டுத் துய்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. கையில் உள்ளது தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் நீங்கி, சிறிது காலம் காக்கும்படி தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற எண்ணம் வர வேண்டும்.

அந்த அன்பரின் இல்லத்தரசி ஒருநாள் இயல்பாகக் கேட்டார்: “உங்களுக்குப் பிறகு இது யாரிடம் போகும்?” அன்பருக்கு விடை தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகள் எப்படிப் பெறுவது என்று எண்ணியவர், எப்படி விடுவது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. உரிமம் பெற்றவர் காலமானால் குடும்பத்தார் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் புதிதாக உரிமம் பெற வேண்டும். துக்கத்தில் இருக்கும் மனைவி மக்களுக்கு அது பெரும் சுமை. அவர் விதிகளைப் படித்துப் பார்த்தார். எழுபது வயது நிறைந்தவர் தம் வாழ்நாளிலேயே வாரிசு ஒருவரை நியமித்து, அவர் பெயரில் உரிமம் பெறச் செய்து துப்பாக்கியை ஒப்படைக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இடமளிப்பதைக் கண்டார். கொடுப்பதற்கும் ஒரு வயது உண்டு என்று அரசாங்க விதியே சொல்வதுபோல அவருக்குத் தோன்றியது.

மருமகனுக்கு மலைகளிலும் காடுகளிலும் ஈடுபாடு உண்டு. அவர் விரும்பினால் அவரிடம் கொடுப்பது, இல்லையேல் தக்க ஒருவரிடம் முறைப்படி சேர்ப்பது என்று அன்பர் முடிவு செய்து, அதை எழுதியும் வைத்தார். முடிவு செய்த அன்று துப்பாக்கியை எடுத்து எண்ணெய் தடவித் துடைத்தார். அவருடைய கைக்கு முன் எத்தனையோ கைகள் அதைத் தாங்கின, இனியும் தாங்கும். தாம் இடையில் வந்த ஒரு காவலர் என்று எண்ணியபோது, துரு பற்றிய கவலை குறைந்தது. .416 பற்றிய எண்ணம் மீண்டும் வந்தபோது, அதைக் கண்டு புன்னகை செய்ய முடிந்தது. பிள்ளைப் பருவத்து ஆசைக்கு மதிப்பளித்தவர், அதனிடமிருந்து விடைபெறவும் தொடங்கிவிட்டார்.

துப்பாக்கி சிலருக்கே உரிய ஆசை. ஆனால் காத்திருந்து பெற்ற பொருள் என்று ஏதேனும் ஒன்று ஏறக்குறைய எல்லா இல்லங்களிலும் உண்டு. ஒருவருக்கு அது வீணை. மற்றொருவருக்குச் சொந்த ஊரில் கட்டிய வீடு. வேறொருவருக்கு மகளுக்குக்கூடக் காட்டத் தயங்கும் நகை. அதைப் பெற்றதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதன் முன் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இது அறவழியில் வந்ததா? இதனிடம் நான் உண்மையில் தேடியது என்ன? இதை யாருக்கு, எப்போது, மனமுவந்து கொடுக்கப் போகிறேன்?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதி வைத்தவருக்குப் பொருள் சுமையாவதில்லை. இறுக மூடிய கையால் இறைவனை வணங்க இயலாது. விரல்களை விரித்தால்தான் கூப்ப முடியும். வாழ்வின் மாலையில் எல்லோருடைய கைகளும் அவ்வாறு மெல்ல விரிந்து, அன்புடன் குவிய இறையருள் துணைநிற்பதாக.